மூளைப் பாடம் என்றால் ஏன் இந்த நடுக்கம்?

பிள்ளைக்கு டாக்டர் சீட் கிடைத்துவிட்டால் பெற்றவளுக்கு அப்புறம் கவலையே இல்லை என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். தெரு முழுக்க இனிப்புக் கொடுத்து, வெள்ளைக் கோட்டு தைத்து, ஹாஸ்டலில் கொண்டு விட்டுவிட்டு வந்த பிறகுதான் அசல் கவலையே ஆரம்பம் என்பது அந்தத் தாய்மார்களுக்குத் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு போன் அடிக்கும். எடுத்தால் பேச்சு வராது, விசும்பல்தான் கேட்கும். “என்னம்மா, மெஸ் சாப்பாடு ஒத்துக்கலியா?” என்று நாம் கேட்போம். சாப்பாடு இல்லை, பாடம்!

எங்கள் நெல்லிக்குப்பம் பக்கத்தில் முன்பெல்லாம் மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளை அபூர்வம். 1985ல் சிதம்பரம் அண்ணாமலை நகரில் மருத்துவக் கல்லூரி வந்தது. இப்போது அது அரசுக் கல்லூரி. இந்தப் பக்கம் புதுச்சேரியும் கிட்டத்தில்தான். 2020ல், அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறிய பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதன் பிறகு தையல்காரர் வீட்டிலும் கரும்பு வெட்டப் போகிறவர் வீட்டிலும்கூட டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்க முடிகிறது. சந்தோஷமான விஷயம்தான். ஆனால் இந்தப் பிள்ளைகள் முதல் வருஷத்திலேயே ஒரு மதில் சுவரில் போய் முட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சுவருக்குப் பெயர் ‘நியூரோ அனாடமி’. அதாவது மூளை, தண்டுவடம், நரம்புகள் பற்றிய பாடம்.

பொங்கல் லீவுக்கு வந்திருந்த பிள்ளைகளில் நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். நாலு பேருமே ஒரே கல்லூரி. (எந்தக் கல்லூரி என்பது வேண்டாமே!) நாலு பேருக்கும் அந்தப் பாடத்தை எடுத்தவர் ஒரே பேராசிரியை. ஆனால் அபிப்பிராயமோ ஆளுக்கு ஒன்று!

நாலு பிள்ளைகள், நாலு அபிப்பிராயம்

முதலில் என் நாத்தனார் மகள். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். “அத்தை, மேடம் கிளாஸ்னா அன்னிக்குக் காலையில டிபனே இறங்காது. நோட்ஸ் தரமாட்டாங்க. பலகையில கலர் கலரா சாக்பீஸ்ல மூளையைப் போடுவாங்க. நாம திருப்பிப் போடணும். மறுநாள் வந்ததும் முதல் வேலை கேள்விதான். யாரை எழுப்புவாங்கன்னே தெரியாது. ஆனா ஒண்ணு, மத்த பாடமெல்லாம் பரீட்சை முடிஞ்சதும் மறந்துடுச்சு. இது மட்டும் இன்னும் நிக்குது” என்றாள்.

அடுத்தது எதிர் வீட்டுப் பையன். அவனும் இரண்டாம் வருஷம். அவனுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. “அவங்களுக்கு விஷயம் தெரியும், நான் இல்லைங்கல. ஆனா தெரியலன்னு சொன்னா உக்காரச் சொல்லமாட்டாங்க. நூறு பேர் முன்னாடி பீரியட் முடியற வரைக்கும் நிக்கணும். நின்னுக்கிட்டு இருக்கும்போது என்னத்தைக் கத்துக்க முடியும்? அவமானம்தான் மனசுல நிக்கும், நரம்பு நிக்காது” என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

மூன்றாவது, எங்கள் தெருவில் தையல் தைக்கும் அம்மாளின் மகள். முதல் வருஷம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். 7.5 சதவீதத்தில் இடம் கிடைத்துப் போனவள். முதல் இன்டர்னலில் ஐம்பதுக்குப் பதினொன்று! “வேண்டாம்மா, நான் வீட்டுக்கே வந்துடறேன். நர்சிங் சேர்ந்துக்கறேன்” என்று போனில் அழுதிருக்கிறாள். அவள் அம்மா என்னிடம் ஓடி வந்தாள். “அக்கா, நான் அஞ்சாங்கிளாஸ். அது சொல்ற பேரெல்லாம் என் வாயில நுழையல. நான் என்னான்னு ஆறுதல் சொல்றது?” என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையையே எழுத வைத்தது.

நான்காவது ஆள் படிப்பு முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறார். எங்களுக்குத் தூரத்து உறவு. அவர் சிரித்தார். “அந்த மேடத்தை முதல் வருஷத்துல திட்டாத நாள் இல்ல சித்தி. போன மாசம் கேஷுவாலிட்டியில ராத்திரி டியூட்டி. ஒரு அம்மாவுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துடுச்சுன்னு கொண்டாந்தாங்க. ‘காத்து அடிச்சிருக்கும், தானா சரியாயிடும்’னு கூட வந்தவங்க சொல்றாங்க. எனக்கு டக்குனு மேடம் போட்ட படம் ஞாபகம் வந்துச்சு. ‘நெத்தியைச் சுருக்குங்கம்மா’ன்னேன். ரெண்டு பக்கமும் நல்லா சுருங்குச்சு. அவ்வளவுதான், உடனே ஸ்கேனுக்கு அனுப்பச் சொல்லி சீனியரைக் கூப்பிட்டேன்.”

நெற்றி சுருங்கினால் நல்லதுதானே, இதற்கு ஏன் பதற்றம் என்று தோன்றுகிறதல்லவா? அங்கேதான் இந்தப் பாடத்தின் சூட்சுமம் இருக்கிறது.

கஷ்டம் எங்கே இருக்கிறது?

நம் மூளை ஏறக்குறைய 1,300 முதல் 1,400 கிராம் எடை. உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே வாங்கிக்கொள்கிறது. அதற்குள் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் கபால நரம்புகள் மட்டும் 12 ஜோடி.

பெயர்களை மனப்பாடம் செய்துவிடலாம். நம் பிள்ளைகளுக்கு மனப்பாடமா தெரியாது! கஷ்டம் அதன் ஒயரிங்கில் இருக்கிறது. வீட்டில் ஒரு சுவிட்சைப் போட்டால் எந்த விளக்கு எரியும் என்று பார்த்து வைத்துக்கொள்கிறோம். மூளையிலோ இடது பக்கச் சுவிட்சைப் போட்டால் வலது கை அசைகிறது. கை காலை அசைக்கும் ஒயர்களில் பெரும்பாலானவை முகுளத்தில் பக்கம் மாறி எதிர்ப்பக்கம் போகின்றன. சரி, எல்லாமே அங்கேதான் மாறுகிறதா என்றால், இல்லை. வலியையும் சூட்டையும் சொல்லும் நரம்புகள் தண்டுவடத்துக்குள் நுழைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே எதிர்ப்பக்கம் தாவிவிடும். அதனால் தண்டுவடத்தின் வலது பாதி மட்டும் அடிபட்டால், அசையாமல் போவது வலது கால். ஆனால் ஊசியால் குத்தினால் வலி தெரியாமல் இருப்பது இடது கால்! கேட்கிற நமக்கே தலை சுற்றுகிறதே, பரீட்சை எழுதும் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

முகத்துக்கு வருவோம். நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருகிறது. வாய்ப்பக்கத்துக்கோ பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளையிலிருந்து மட்டும்தான். ஆகவே பக்கவாதத்தில் மூளையின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டால் வாய் கோணிக்கொள்ளும், நெற்றி தப்பித்துவிடும். மூளைக்கு வெளியே முக நரம்பே வீங்கிப் பழுதானால் நெற்றியும் சேர்ந்து விழும், கண்ணையும் மூட முடியாது. ‘நெற்றியைச் சுருக்குங்கள்’ என்ற ஒரு வார்த்தையில் அந்த இளம் டாக்டர் தேடியது இதைத்தான்.

சகோதரிகளே, ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனை டாக்டருக்கு, நமக்கல்ல. வீட்டில் யாருக்காவது திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் துவண்டாலோ, பேச்சு குழறினாலோ, பார்வையோ நடையோ தடுமாறினாலோ நெற்றியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். எத்தனை மணி வரை நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு உடனே 108ஐக் கூப்பிடுங்கள். தண்ணீர், காப்பி, மாத்திரை எதையும் வாயில் ஊற்றக் கூடாது. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

உலகம் பூராவும் இதே பாட்டுத்தான்!

மூளைப் பாடத்துக்கு நடுங்குவது நம் பிள்ளைகள் மட்டுமல்ல. அமெரிக்காவில் ஜோசெஃபோவிச் என்ற நரம்பியல் பேராசிரியர் 1994ல் இதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்: ‘நியூரோஃபோபியா’. அதாவது நரம்பியல் பயம். முதல் வருஷத்தில் படித்த படங்களை, பின்னால் நோயாளியைப் பார்க்கும்போது பொருத்திப் பார்க்கத் தெரியாமல் போவதுதான் இதற்குக் காரணம் என்றார் அவர். 2002ல் இங்கிலாந்தில் மாணவர்களையும் டாக்டர்களையும் விசாரித்தபோது இருப்பதிலேயே கஷ்டமான பாடம் நரம்பியல்தான் என்று சொன்னார்கள். 2013ல் இலங்கை மருத்துவ மாணவர்களிடம் நடத்திய ஆய்விலும் இதே கதைதான்.

இதில் நமக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது. பதினொன்று மார்க் வாங்கிய பெண் மக்கு அல்ல. தலைமுறை தலைமுறையாக, தேசம் தேசமாக எல்லோரும் முட்டிக்கொண்ட சுவரில்தான் அவளும் முட்டிக்கொண்டிருக்கிறாள். இதைப் பிள்ளையிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். ‘எனக்கு மட்டும்தான் புரியவில்லை’ என்ற நினைப்புதான் பாதி பயத்துக்குக் காரணம்.

நம் நாட்டில் 2019ல் மருத்துவப் பாடத்திட்டத்தை மாற்றியபோது, முதல் வருஷத்திலேயே பிள்ளைகளை நோயாளிகளிடம் அழைத்துப் போய்ப் பழக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். படத்தையும் மனிதனையும் சேர்த்துப் பார்த்தால் பயம் குறையும் அல்லவா?

கண்டிப்பான டீச்சர் நல்ல டீச்சரா?

எதிர் வீட்டுப் பையனுக்கும் என் நாத்தனார் மகளுக்கும் உள்ள வழக்கு இதுதான். இதைப் பற்றியும் பெரிய பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

அமெரிக்க விமானப்படை அகாடமியில் எந்த மாணவருக்கு எந்த ஆசிரியர் என்பதைக் குலுக்கல் மாதிரிதான் ஒதுக்குவார்கள். அங்கே நடந்த ஆய்வு 2010ல் வெளியானது. அந்தந்தப் பருவத்தில் நல்ல மார்க் வாங்க வைத்த ஆசிரியர்களுக்கு மாணவர்கள் ‘ஓஹோ’ என்று அபிப்பிராயம் எழுதினார்கள். ஆனால் அடுத்தடுத்த வருஷங்களின் மேல்பாடங்களில் நன்றாகச் செய்தவர்கள், மாணவர்கள் குறைவாக மதிப்பிட்ட ஆசிரியர்களிடம் படித்தவர்கள்! 2019ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பௌதிக மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். வழவழவென்று நடத்திய சொற்பொழிவைக் கேட்டவர்கள் ‘நிறையக் கற்றோம்’ என்றார்கள். தாங்களே மல்லுக்கட்டிக் கணக்குப் போட்டவர்கள் ‘ஒன்றும் ஏறவில்லை’ என்றார்கள். பரீட்சை வைத்தால், மல்லுக்கட்டியவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள்.

நம் வீட்டிலேயே பாருங்களேன். பெண்ணுக்கு நாமே கோலம் போட்டுக் காட்டினால் ‘ஓ, தெரியும்’ என்பாள். கையில் மாவைக் கொடுத்துப் போடச் சொன்னால்தான் புள்ளி எங்கே தப்புகிறது என்று தெரியும். நோட்ஸ் தராமல் படம் போடச் சொன்ன அந்தப் பேராசிரியை செய்ததும் இதுதான்.

ஆனால் நிற்க வைத்தது? அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கஷ்டமான கேள்வி கேட்பது வேறு, பிள்ளையைக் கூசிப்போக வைப்பது வேறு. படபடப்பு அதிகமானால் தெரிந்த பதில்கூட நாக்கில் வராது என்பது நமக்கே அனுபவம். அந்த நேரத்தில் உடம்பில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன், ஞாபகத்திலிருந்து எடுப்பதைத் தடுக்கிறது என்று மூளை விஞ்ஞானமே சொல்கிறது. மூளைப் பாடம் நடத்துகிறவர்கள் இதை மறக்கலாமா? தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்குப் பதில் தெரிந்திருந்தும் இங்கிலீஷில் வாய் வராமல் இருக்கலாம். அதையும் ஆசிரியர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம் பக்கத்து மனிதர் ஒருவர்

இந்தியாவில் மூளை அறுவை சிகிச்சையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் பா. ராமமூர்த்தி. 1922ல் நம் சிதம்பரத்துக்குப் பக்கத்துச் சீர்காழியில் பிறந்தவர். 1950ல் சென்னை பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அந்தத் துறையில் பயின்று, 1968ல் எம்.சிஎச். பட்டம் பெற்றவர்தான் டாக்டர் டி.எஸ். கனகா. ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர் என்று போற்றப்படுபவர். ‘பொம்பளைக்கு மண்டையைத் திறக்கிற வேலையா?’ என்று கேட்ட காலம் அது! அவர் பின்னாளில் தாமே பேராசிரியராகிப் பலருக்குக் கற்றுக்கொடுத்தார். 2018ல் காலமானார். மதில் சுவரைத் தாண்டியவர்கள் நம் மண்ணிலும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

அம்மாக்கள் செய்யக்கூடியது என்ன?

அஞ்சாங்கிளாஸ் படித்த அம்மாளாலும் உதவ முடியும். எப்படி?

1. சொல்லிக்காட்டச் சொல்லுங்கள். “எனக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்லு பார்ப்போம்” என்று போனிலேயே கேளுங்கள். நமக்கு அது சரியா தப்பா என்று தெரிய வேண்டியதில்லை. சொல்லும்போதே எங்கே தடுமாறுகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். 2006ல் வெளியான ஒரு ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் இருந்தது.

2. படம் போடச் சொல்லுங்கள். தினம் ஒரு படம், பார்க்காமல். ஒரு குயர் நோட்டும் நாலு கலர் பென்சிலும் போதும்.

3. தூக்கத்தைக் கெடுக்க விடாதீர்கள். பகலில் படித்தது ராத்திரித் தூக்கத்தில்தான் மூளையில் படிந்து உறுதியாகிறது. விடிய விடியக் கண் விழித்தால் படித்ததும் போய்விடும்.

4. தனியாகப் படிக்க வேண்டாம். மூன்று நாலு பேராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பழகினால் வகுப்பில் எழுந்து நிற்கும் பயம் போகும்.

5. ஆசிரியரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பில் புலியாக இருப்பவர், அறையில் பசுவாக இருப்பதும் உண்டு.

6. வித்தியாசத்தைக் கவனியுங்கள். ‘பாடம் கஷ்டம்’ என்று அழுதால் தைரியம் சொல்லலாம். ஆனால் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல், ‘நான் இருந்தே பிரயோஜனமில்லை’ என்கிற மாதிரி பேசினால் தைரியம் சொல்லிவிட்டு போனை வைத்துவிடாதீர்கள். உடனே கிளம்பிப் போய்ப் பக்கத்தில் இருங்கள். வார்டனிடம் சொல்லுங்கள். டெலி மனஸ் என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணை எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். எந்தப் பட்டமும் பிள்ளையைவிடப் பெரிதில்லை.

தையல்கார அம்மாளின் மகளிடம் ஐந்தாவது யோசனையைத்தான் சொல்லி அனுப்பினேன். பயந்து பயந்து போயிருக்கிறாள். அந்தப் பேராசிரியை விடைத்தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, “உனக்கு விஷயம் தெரியுது, எழுதத்தான் வரலை. முதல்ல படத்தைப் போடு. படத்துக்கு இங்கிலீஷ் வேண்டாம். அப்புறம் பேரை மட்டும் எழுது” என்று தமிழிலேயே சொன்னாராம். தினம் ஒரு படம் போடுகிறாள். இரண்டாவது இன்டர்னலில் இருபத்தாறு. பெரிய மார்க் இல்லைதான், ஆனாலும் தேறிவிட்டாள். “பயம் போச்சா?” என்று கேட்டேன். “எங்க பெரியம்மா போகுது! ஆனா இப்ப பயந்துக்கிட்டே படிக்கறேன்” என்றாள்.

அவளுக்குத் தெரியட்டும் என்று இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். லண்டனில் டாக்ஸி ஓட்ட லைசென்ஸ் வேண்டுமென்றால் சுமார் 25,000 தெருக்களை மூன்று நாலு வருஷம் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். பலர் பாதியில் விட்டுவிடுவார்கள். விடாமல் படித்துத் தேறியவர்களின் மூளையை முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 2011ல் வெளிவந்த முடிவு இது: ஞாபகத்துக்கான ‘ஹிப்போகாம்பஸ்’ என்ற பகுதியின் பின்பக்கம் அவர்களுக்கு வளர்ந்திருந்தது. தேறாதவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை. வயது வந்த பிறகும் மூளை படிப்புக்கு ஏற்ப வளைந்து கொடுக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆகவே, அடுத்த தடவை ஹாஸ்டலிலிருந்து போன் வந்தால் “மார்க் எவ்வளவு?” என்று ஆரம்பிக்காதீர்கள். “இன்னிக்கு எந்த நரம்பு? எங்க கிளம்பி எங்க போகுது? எனக்கும் சொல்லேன்” என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்குப் பாடம் ஏறும். நாமும் நாலு விஷயம் தெரிந்துகொள்ளலாம்!